'கொடுத்தல்' என்று ஏன் எழுதுகிறோம்? ஈகை இருக்கிறதே!

'கிறிஸ்தவ வாழ்வில் தன்னலமற்ற கொடுத்தல்.' மொழிபெயர்த்த தியானக் கட்டுரை எதைத் திறந்தாலும் இந்தத் தலைப்போ இதன் தங்கையோ கண்ணில் படுகிறது. தியாகமான கொடுத்தல், தாராளமான கொடுத்தல், கொடுத்தலின் ஊழியம், கொடுத்தலின் ஆசீர்வாதம். இலக்கணப்படி தப்பில்லை, 'கொடு'வோடு 'தல்' சேர்ந்த தொழிற்பெயர்தான். ஆனால் தமிழில் 'கொடுத்தல்' என்று மொட்டையாக நிறுத்தினால், 'எதை?' என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கும். கடன் கொடுக்கலாம், லஞ்சம் கொடுக்கலாம், புகார் கொடுக்கலாம், அடி கொடுக்கலாம், தொல்லையும் கொடுக்கலாம். இதில் அறம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது? அதனால்தான் 'தன்னலமற்ற' என்று முன்னால் ஒரு முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

'ஈ' என்ற வினைக்கு இந்தச் சிக்கல் இல்லை. 'லஞ்சம் ஈந்தான்' என்று யாரும் எழுதுவதில்லை. ஈ, ஈதல், ஈகை, அவ்வளவுதான் இதன் பிறப்பு. பொருளை வள்ளுவர் ஒரே குறளில் (221) வரையறுத்துவிட்டார்: 'வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து.' இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான் ஈகை. மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை, அதாவது அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தரும் கைமாற்று. விருந்து வைத்தால் ஏழைகளையும் ஊனரையும் கூப்பிடு, அவர்களால் உனக்குப் பதில் செய்ய முடியாது என்று இயேசு சொன்னதாக லூக்கா 14 சொல்கிறதே, அதுவும் இதேதான். தன்னலமின்மை ஈகைக்குள்ளேயே இருக்கிறது. 'தன்னலமற்ற ஈகை' என்றால் நனைந்த ஈரம் என்பது போல.

என் முக்கியமான புகார் வேறு. 'கொடுத்தல்' என்ற ஒரு கோணிக்குள் நாலைந்து வெவ்வேறு காரியங்களைப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். பழைய தமிழ் வேதாகமம் அப்படிச் செய்யவில்லை. பலிபீடத்துக்குக் கொண்டுபோவது காணிக்கை (மத்தேயு 5). ஏழைக்குச் செய்வது தர்மம். இடது கைக்குத் தெரியாமல் செய்யச் சொன்னது இதைத்தான் (மத்தேயு 6). விளைச்சலில் பத்தில் ஒன்று தசமபாகம். உள்ளதைப் பங்கிட்டுத் தருபவன் 'பகிர்ந்துகொடுக்கிறவன்' (ரோமர் 12). ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் கணக்கு. இன்றைய மொழிபெயர்ப்பாளரோ மூலத்தில் 'giving' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் தமிழிலும் ஒரே சொல்லை வைத்துவிடுகிறார். விளைவு? பெட்டியில் பணம் போட்டவர் ஏழைக்கும் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இரண்டு காசு போட்ட விதவையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 12-இன்படி அவள் போட்டது காணிக்கைப்பெட்டியில். வள்ளுவர் கணக்கில் அது ஈகை ஆகாது. ஈகையைப் பெறவேண்டியவளே அவள்தான். இந்த முரண் 'கொடுத்தல்' என்ற சொல்லுக்குள் காணாமல் போய்விடுகிறது.

ஈகைக்கு எதிராகச் சொல்லப்படுவது இரண்டு. ஒன்று, அது செய்யுள் வழக்கு, சாதாரண சனங்களுக்குப் புரியாது என்பது. தமிழ் முஸ்லிம்கள் நோன்புப் பெருநாளை 'ஈகைத் திருநாள்' என்று சொல்லி, அது செய்தித்தாளிலும் வாழ்த்து அட்டையிலும் அச்சாகி, எல்லோருக்கும் புரிந்துகொண்டுதானே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் புரியாமல் போய்விடுமா?

இரண்டாவது கொஞ்சம் கனமானது. ஈ, தா, கொடு மூன்றும் கேட்பதற்கான சொற்கள் என்று தொல்காப்பியம் எச்சவியலில் பிரிக்கிறது: தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். அப்படியானால் ஈகையில் கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்று ஆகிவிடாதா? சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் 2 கொரிந்தியர் 8-இல் பேசுவது சமநிலையைப் பற்றியாயிற்றே என்கிறார்கள். சரி, நியாயமான கேள்வி. ஆனால் அதே அதிகாரத்தை மேலேயிருந்து படியுங்கள். மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள். எருசலேமில் இருந்த ஏழைகளுக்கு உதவ எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று பவுலிடம் கெஞ்சியவர்கள் அவர்கள்தான். கொடுப்பவனே இரந்து நிற்கிறான்! 'ஈ' என்ற சொல்லின் பணிவு அந்த இடத்துக்குப் பொருந்துகிற அளவு வேறெதுவும் பொருந்தாது. உயர்ந்தவன் வாயில் வரும் 'கொடு' எதற்குப் பொருந்தும் என்று கேட்டால், மேடையிலிருந்து தசமபாகத்தை அதட்டிக் கேட்பதற்குப் பொருந்தும்.

அந்த மக்கெதோனியர் கொடுத்த விதத்துக்குப் பழைய மொழிபெயர்ப்பு 'உதாரத்துவம்' என்று போட்டது. வடசொல், இன்று 'உதார் விடுவது', 'ஊதாரி' இரண்டும் காதில் இடிப்பதால் செத்தே போய்விட்டது. அழ வேண்டியதில்லை. சிலர் வைக்கும் 'வள்ளன்மை' அழகான தமிழ்தான், ஆனால் வள்ளல் என்றாலே தேரும் போர்வையும் தூக்கிக் கொடுத்த பாரியும் பேகனும் வந்துவிடுகிறார்கள். கொடிய தரித்திரத்தில் இருந்தவனுக்கு அந்தச் சட்டை தொளதொள. புதிய ஏற்பாட்டின் மூலமான கிரேக்கத்தில் அங்கே இருப்பது 'ஹாப்லொடேஸ்'. ஒற்றை மடிப்பு என்பது அதன் அடி. உள்ளே ஒளித்துவைக்க இன்னொரு மடிப்பு இல்லாத மனம். ரோமர் 12-இல் இதே சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'வஞ்சனையில்லாமல்' என்றும், எபேசியர் 6-இல் 'கபடற்ற மனதோடும்' என்றும் பெயர்த்தார்கள். எவ்வளவு கவனம்! நான் எழுதினால் 'கபடற்ற ஈகை' என்பேன். அடைமொழி வைத்தே ஆகவேண்டும் என்றால் மூலத்தில் இருப்பதை வையுங்கள். 'தன்னலமற்ற' என்று நீங்களாக ஒன்றைச் சேர்க்காதீர்கள்.

வினையாக வரும்போது 'ஈந்தான்' என்று இழுக்க வேண்டாம். 'கொடுத்தான்' போதும், வாக்கியத்தில் எதை, யாருக்கு என்பது இருக்கும். பெயர்ச்சொல்லாகத் தனித்து நிற்கும்போதுதான் ஈகை தேவை.

இதையெல்லாம்விட எரிச்சல் தருவது சில பிரசங்கியார் கேட்கும் 'விதைக் காணிக்கை'. இவ்வளவு விதைத்தால் இத்தனை மடங்கு அறுக்கலாம் என்கிறார்கள். இப்பிறப்பில் செய்தது மறுபிறப்புக்கு ஆகும் என்று கணக்குப் போடுகிறவனையே 'அறவிலை வணிகன்', அறத்தை விலைக்கு விற்கும் வியாபாரி, என்றார் சங்கப் புலவர் முடமோசியார். வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்று புறநானூற்றில் (134) பாடினார். இவர்களோ மறுமை வரைகூடக் காத்திருப்பதில்லை, இந்த வருஷமே வேண்டும் என்கிறார்கள். பவுலும் விதையைப் பற்றிப் பேசினாரே என்பார்கள். பேசினார், 2 கொரிந்தியர் 9-இல். ஆறாம் வசனத்தில் நிறுத்திவிடாமல் பதினொன்று வரை படித்தால், அந்த விளைச்சல் எதற்கு என்றும் எழுதியிருக்கிறார்: இன்னும் கொடுப்பதற்கு.