நொடித்தவர் வேறு, கடனாளி வேறு

காரைக்குடியில் என் அக்கா மகள் குரூப் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் ஒரு பயிற்சிக் கையேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மான், நான் வாங்குன கல்விக்கடன் இன்னும் கட்டி முடியலையே, அப்ப எனக்குக் கவர்மெண்டு வேலை கிடைக்காதா?" என்று கேட்டாள். கையேட்டில் இருந்த வரி: 'கடனாளிகள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினராகத் தகுதியற்றவர்கள்.'

இந்த வரியை நான் பார்ப்பது முதல் தடவை அல்ல. சென்ற உள்ளாட்சித் தேர்தலின்போது, மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்த ஒரு பெண், 'கடனாளி நிற்கக் கூடாதாம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு மனுத் தாக்கல் செய்யாமலே இருந்துவிட்டார். ஒரு தப்பான சொல் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 102, 191 ஆகிய பிரிவுகளில் இருக்கும் சொல் 'அன்டிஸ்சார்ஜ்ட் இன்சால்வென்ட்'. லத்தீனில் 'சொல்வெரே' என்றால் அவிழ்த்தல். கடன் முடிச்சை அவிழ்க்க முடியாதவர் இன்சால்வென்ட். சட்டத்தில் அதற்கு இன்னும் இறுக்கமான பொருள்: கடனைத் தீர்க்க வழியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர். சென்னை போன்ற மாநகரங்களுக்கு 1909-லும், மற்ற ஊர்களுக்கு 1920-லும் வந்த சட்டங்களின்படி அந்த அறிவிப்பு நடக்கும். நம் ஊர்ப் பேச்சில் 'ஐ.பி. கொடுத்துட்டாரு', 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாரு' என்பதெல்லாம் இதற்காக நீதிமன்றத்தில் போடும் மனுவைத்தான்; ஐ.பி. என்பது 'இன்சால்வென்சி பெட்டிஷன்' என்பதன் சுருக்கம்.

சரி, கடனாளிக்கு வருவோம். கடன் என்ற சொல் பணத்துக்கு மட்டும் உரியதல்ல. காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன் எல்லாம் செய்தே தீரவேண்டியவை. அந்தக் கடனை உடையவர் கடனாளி. அவர் கட்டிக்கொண்டிருக்கலாம், நாளைக்கே முடிக்கலாம். வீட்டுக்கடன் தவணையை மாதம் தவறாமல் கட்டும் வாத்தியாரும் கடனாளி, நகையை அடகு வைத்து நாற்று நடும் சம்சாரியும் கடனாளி. செட்டிநாட்டுக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்தவர்கள் முதல்பணத்தை மட்டும் வைத்துத் தொழில் செய்யவில்லை. பங்காளியும் சம்பந்தியும் கோயிலும் வட்டிக்குப் போட்ட பணம், அதாவது மேம்பணம், கடைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அது அத்தனையும் கடைக்குக் கடன்தான். கையேட்டுக்காரர் கணக்குப்படி பார்த்தால் அந்த முதலாளிகள் எல்லாரும் தகுதியற்றவர்கள்! ஆனால் ஊரில் அவர்களை 'நாணயமானவுக' என்றார்கள். நாணயம் என்ற சொல்லே காசையும் நேர்மையையும் சேர்த்துச் சொல்கிறது. கடன் இருப்பதால் நாணயம் போவதில்லை, சொன்ன தேதியில் திருப்பாவிட்டால்தான் போகும்.

தவணை தவறியவர் இன்னொரு வகை. அவரை நிலுவைக்காரர் என்று சொல்லலாம்; பாக்கிதாரர் என்றாலும் எல்லாருக்கும் புரியும். உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவரிடம் வரி பாக்கி இல்லை என்று சான்று கேட்கிறார்களே, அது இந்த வகை. ஊராட்சிக்குக் கட்டவேண்டியதைக் கட்டினாயா என்ற கேள்விக்கும் குழுக்கடனுக்கும் தொடர்பே இல்லை. வங்கி வேலைக்குச் சிபில் பதிவைப் பார்ப்பதும் பழைய கடனை எப்படிக் கட்டினார் என்று அறியத்தான். மூன்று ஆட்களுக்கு மூன்று சொல் தமிழில் இருக்க, மூன்றையும் கடனாளி என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள்.

'திவாலானவர்' என்று போடலாமே என்பார்கள். திவால், இந்தி 'திவாலா'வின் வழி வந்தது. நொடித்த வணிகர் பகலில் விளக்கேற்றி வைத்த வழக்கத்திலிருந்து பிறந்தது என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. வேற்றுமொழிச் சொல் என்பதற்காக மட்டும் நான் அதை ஒதுக்கவில்லை. இன்றைக்குக் கட்சி திவால், கொள்கை திவால் என்று அது வசவாகிவிட்டது. தீர்ப்பில் எழுதும் சொல் வசவாக இருக்கக் கூடாது.

நமக்கு 'நொடித்தல்' இருக்கிறது. மாடு காலை நொடித்து நடக்கும். வண்டித்தடத்தில் விழும் குழியும் நொடிதான். நடந்துகொண்டிருந்தவர் தடுக்கி இறங்கிவிட்டார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1930-களில் நெல் விலை சரிந்து, பர்மாவில் செட்டிநாட்டார் கொடுத்த கடனுக்குப் பணம் வராமல் நிலம் வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் அந்த நிலத்தையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்களைக் கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் யாரும் கடனாளி என்று சொல்லவில்லை. 'பர்மாவுல நொடிச்சுப் போனவுக' என்றார்கள்.

சட்டமும் இதே வேறுபாட்டைப் பார்க்கிறது. 1920 சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நொடித்தவர் உள்ளாட்சிப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தடுக்கிறது. ஆனால் தன் நடத்தைக் குற்றம் இல்லாமல் கெட்ட காலத்தால் நேர்ந்தது என்ற சான்றோடு நீதிமன்றம் அவரை விடுவித்தால் தடை நீங்கிவிடும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் 17-ஆம் விதியும் அப்படியே: தீராக்கடனிலும் நொடிப்பிலும் விழாதபடி சொந்தக் காரியங்களை நடத்தவேண்டும். கடன் வசூலுக்கோ நொடிப்புக்கோ வழக்கு வந்தால் உடனே மேலிடத்துக்குச் சொல்லவேண்டும். முன்கூட்டி அறிய முடியாத காரணத்தால் வந்தது, ஊதாரித்தனத்தால் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது. அந்த விதி சொல்வது பழக்கமாகிப்போன கடனை, வாங்கிய எல்லாக் கடனையும் அல்ல. 'தீரா' என்ற இரண்டெழுத்தை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் ஆளே மாறிவிடுகிறார்.

2016-இல் வந்த புதிய சட்டம் இன்சால்வென்சி, பேங்க்ரப்ட்சி என்று இரண்டு சொல் வைத்திருக்கிறது. நிலைமையை நொடிப்பு என்றும், தீர்ப்பாயம் அறிவித்துவிட்டதை நொடிப்புத் தீர்ப்பு என்றும் சொன்னால் இரண்டும் பிரிந்து நிற்கும். நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களைத் தவிர மற்ற தனியாட்களுக்கு அந்தச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அவர்களுக்குப் பழைய சட்டம்தான்.

மிச்சம் இருப்பது அந்த 'டிஸ்சார்ஜ்'. ஓரிடத்தில் 'வெளியேற்றப்படாத திவாலானவர்' என்று பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்தா வெளியேற்றுகிறார்கள்? இங்கே நீதிமன்றம் அவரைக் கடன் சுமையிலிருந்து விடுவிக்கிறது. மூலச் சட்டத்தை ஒரு தடவை படித்திருந்தால் இது வராது. படிக்காமல் சொல்லுக்குச் சொல் போடுகிறவர்கள் எழுதியதைத்தான் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

அக்கா மகளின் கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொடுத்தேன்: 'நொடித்தவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, இன்னும் விடுவிப்புப் பெறாதவர்.' வாசித்துவிட்டு, "அப்ப என் கல்விக்கடன்?" என்றாள். "தவணையைத் தவறாமக் கட்டு, ஆத்தா" என்றேன்.