'சிரிக்கக் கூடாது' என்றால் ஏன் சிரிப்பு வருகிறது?

ஒரு சாதாரண ஓய்வறை. ஐந்து மேசைகள், ஐந்து நாற்காலிகள். ஒரே மாதிரி சீருடை போட்ட ஐந்து ஆண்கள். ஜப்பானில் இவர்களைத் தெரியாதவர் அபூர்வம். எல்லோருமே மூத்த நகைச்சுவைக் கலைஞர்கள். இப்போது அவர்கள் முகத்தில் நகைச்சுவையே இல்லை. மேசை இழுப்பறைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஒருவர் மெல்ல இழுக்கிறார். காலி. அடுத்ததை இழுக்கிறார். உள்ளே ஒரு பொத்தான், வேறெதுவும் இல்லை. ஐந்து பேரும் அதைப் பார்க்கிறார்கள். யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் ஒருவருடைய மூக்கிலிருந்து 'ப்ஃப்' என்று சின்னதாகக் காற்று கசிகிறது.

'தெதேன்!' என்று ஒலிபெருக்கி முழங்குகிறது. "ஹமாதா, அவுட்!" கறுப்பு உடை அணிந்த ஒருவர் கையில் தடியோடு ஓடி வந்து ஹமாதாவின் பின்பக்கத்தில் ஒரு போடு போட்டுவிட்டுப் போகிறார். வலியில் அவர் முகம் கோணுகிறது. அதைப் பார்த்த மற்ற நால்வரில் இருவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. மறுபடியும் 'தெதேன்!'

நிப்பான் டிவியில் 1989 முதல் ஓடும் 'காகி நோ ட்சுகாய்' நிகழ்ச்சியின் 'சிரிக்கவே கூடாது' வரிசை இது. டவுன்டவுன் என்ற ஜோடியான ஹமாதா மசதோஷியும் மட்சுமோட்டோ ஹிதோஷியும், அவர்களோடு இன்னும் மூவரும் இதன் நிரந்தர ஆட்களாக இருந்தார்கள். 2003-ல் பந்தயத்தில் தோற்றவர்களுக்கு ஒரு தண்டனையாகத்தான் இது தொடங்கியது: வெந்நீர் ஊற்று விடுதியில் தங்க வேண்டும், சிரிக்கக் கூடாது. 2006 முதல் 2020 வரை ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31 இரவில் ஒளிபரப்பானது. பிந்தைய ஆண்டுகளில் சுமார் ஆறு மணி நேரம். காவல் நிலையம், மருத்துவமனை, விமான நிலையம், சிறை என்று ஆண்டுக்கொரு களம். அந்த இரவில் ஜப்பானியக் குடும்பங்கள் வழக்கமாகப் பார்ப்பது பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் பாட்டு நிகழ்ச்சியை. அதற்கு எதிராக நின்ற தனியார் நிகழ்ச்சிகளில் பல ஆண்டுகள் இதுதான் முதலிடம்.

தண்டனை விளையாட்டை ஜப்பானியர்கள் 'பட்சு கேமு' என்கிறார்கள். பட்சு என்றால் தண்டனை, கேமு என்பது நம் கேம்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், அடிபடுபவரைப் பார்த்து ஜப்பானியர்கள் சிரிக்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது எனக்கு ஒப்பாது. இந்த நிகழ்ச்சியைக் கூர்ந்து பார்த்தால், அடி விழுவதற்கு முன்பே நாம் சிரித்துவிடுகிறோம் என்பது தெரியும். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் உடம்பு. சிரிப்பு என்பது வெளிமூச்சைத் துண்டு துண்டாக வெட்டுவது. அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் புரோவைன் ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். ஒவ்வொரு 'ஹா'வும் சுமார் 75 மில்லிவிநாடி நீடிக்கிறது. ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்க ஏறக்குறைய 210 மில்லிவிநாடி. இந்தத் தாளத்தை நாம் யோசித்துப் போடுவதில்லை. மூளையில் சிரிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேண்டுமென்றே சிரிக்கும்போது மேல்மூளையின் இயக்கப் பகுதியிலிருந்து இறங்குவது. இன்னொன்று, உணர்ச்சிப் பகுதிகளிலிருந்து மூளைத்தண்டுக்கு நேராகப் போவது. பக்கவாதத்தால் முதல் வழி சேதமான சிலரைச் 'சிரியுங்கள்' என்று சொன்னால் வாய் ஒரு பக்கம் மட்டுமே அசையும். அவர்களே நல்ல ஜோக்கைக் கேட்டால் முகம் முழுக்க மலர்ந்துவிடும். இரண்டும் தனித்தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆகவே சிரிப்பை அடக்குபவர் இயந்திரத்தை நிறுத்துவதில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திப் பிடிக்கிறார், அவ்வளவுதான். உதட்டைக் கடிக்கிறார்கள், கன்னத்தை உள்ளிழுக்கிறார்கள், மூச்சைப் பிடிக்கிறார்கள், கூரையைப் பார்க்கிறார்கள். உள்ளே விலா எலும்புத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வாயை மூடினால் அது மூக்கு வழியே வரும். அந்த 'ப்ஃப்' அப்படிப் பிறந்ததுதான்.

உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவிகளுக்குச் சோகப் படமும் வேடிக்கைப் படமும் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் இதயத்தையும் ரத்த நாளங்களையும் முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்தன. அடக்குவதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. அந்த ஐந்து பேர் இதை ஒரு பகலும் இரவும் தொடர்ந்து செய்கிறார்கள். நிகழ்ச்சித் தலைப்பிலேயே '24 மணி' என்று இருக்கும். நள்ளிரவு தாண்டியபின் ஒரு சாதாரணச் சொல்லுக்கே அவர்கள் உடைந்துபோவதைப் பார்க்கலாம்.

இதில் ஜப்பானிய மேடைக்கலைஞர்களின் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 'ஃபுரி'. சிரிப்பு விழுவதற்கு முன்னால் போடும் அடித்தளம் என்று சொல்லலாம். இதற்குப் பேர்போனது தாச்சோ கிளப் என்ற மூவர் குழு. கொதிப்பதாகச் சொல்லப்படும் வெந்நீர்த் தொட்டியின் விளிம்பில் மறைந்த உஎஷிமா ரியுஹெய் குனிந்து நிற்பார். "தள்ளாதே, கண்டிப்பாத் தள்ளாதே" என்பார். அவர் சொல்லும் விதத்திலேயே, 'இப்போது தள்ளு' என்ற பொருள் அத்தனை பேருக்கும் புரிந்துவிடும். அப்புறம் தண்ணீருக்குள் விழுவது ஒரு சடங்கு மாதிரிதான். சிரிப்பு 'தள்ளாதே'யிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தச் சொற்றொடர் ஜப்பானில் அன்றாடப் பேச்சிலும் கலந்துவிட்டது.

'சிரிக்கக் கூடாது' என்பது அப்படிப்பட்ட ஒரு மாபெரும் ஃபுரி என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த ஒரு விதியைப் போட்டதும் உலகமே வேடிக்கையாகிவிடுகிறது. வெற்று மேசையில் ஒரு பொத்தான் இருந்தால் நீங்களும் நானும் சிரிக்க மாட்டோம். விதி இருக்கும்போது அதே பொத்தான் அபாயமாகிறது. பள்ளியில் மௌன அஞ்சலி நேரத்தில் பக்கத்துப் பையனின் தோள் குலுங்கியதைப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வர நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எதற்குச் சிரித்தோம் என்று அன்று மாலையே இருவருக்கும் நினைவில்லை. ஜப்பானியக் குழந்தைகளுக்கு இதற்கென்றே 'நிராமெக்கோ' என்ற பழைய விளையாட்டு உண்டு. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, 'சிரித்தால் தோல்வி' என்று பாடி முடித்து, கன்னத்தை உப்பிக்கொண்டு முறைத்துப் பார்க்க வேண்டும். ஆறு மணி நேரத் தொலைக்காட்சிப் பிரமாண்டத்தின் விதை அந்த விளையாட்டில் கிடக்கிறது.

சரி, அப்படியென்றால் அடி எதற்கு?

ஜப்பானிய இரட்டையர் நகைச்சுவையான மன்ஸாயில் ஒருவர் 'போகே', அபத்தமாகப் பேசுபவர். மற்றவர் 'ட்சுக்கோமி', என்ன பேச்சு இது என்று இடைமறிப்பவர். இடைமறிக்கும்போது தலையில் ஒரு தட்டு விழும். டவுன்டவுன் ஜோடியில் தட்டுபவர் ஹமாதா. சிலர் மடிப்பு மடிப்பாகச் செய்த பெரிய காகித விசிறியால் அடிப்பார்கள். அடி அகலமாகப் பரவுவதால் வலி கொஞ்சம். மடிப்புகளுக்கிடையே காற்று அமுங்கி வெளியேறுவதால் சத்தம் மட்டும் பலமாக இருக்கும். அந்தச் சத்தம், 'இது அபத்தம், இப்போது நீங்கள் சிரிக்கலாம்' என்று அரங்கத்துக்குச் சொல்லும் அறிவிப்பு. எழுத்தில் முற்றுப்புள்ளி செய்யும் வேலை அதற்கு.

அந்த ஓய்வறையில் உலகம் முழுவதும் போகே. இழுப்பறை, பேருந்தில் ஏறும் விசித்திர மனிதர்கள், திடீரென வந்து நிற்கும் பிரபலங்கள், எல்லாமே. 'தெதேன்'னும் தடியும் ட்சுக்கோமி. அடி இல்லையென்றால் ஒரு காட்சி எங்கே முடிகிறது என்றே தெரியாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மற்றவர் தலையில் தட்டியே பேர் வாங்கிய ஹமாதாவும் இங்கே வரிசையில் நின்று அடி வாங்குவதுதான். அவருடைய புகழ் அங்கே செல்லுபடியாகாது.

அடிபடும் முகத்தைப் பார்க்கும்போது நம் மூளையும் சும்மா இருப்பதில்லை. மூளை ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு 2004-ல் காட்டியபடி, நமக்கு வலிக்கும்போது இயங்கும் பகுதிகளில் சில, நெருக்கமானவருக்கு வலிக்கிறது என்று தெரிந்தாலே இயங்கத் தொடங்குகின்றன. அதாவது, நாமும் கொஞ்சம் சுளிக்கிறோம். அதே நொடியில் மற்ற தகவல்களும் வருகின்றன: அடிபட்டவர் எழுந்துவிட்டார், திட்டுகிறார், பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார். 2010-ல் ஆய்வாளர்கள் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் முன்வைத்த விளக்கம் இதற்குப் பொருந்துகிறது. ஏதோ தப்பு நடக்க வேண்டும், அதே சமயம் பரவாயில்லை என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில் சிரிப்பு வருகிறது. ஜப்பானியத் தொலைக்காட்சி திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, பார்த்துக்கொண்டிருக்கும் பிரபலங்களின் முகங்களைக் காட்டுமே, அது அந்தப் 'பரவாயில்லை'யைத் தொடர்ந்து ஊட்டுவதற்கும்தான். சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தாலே முகத்தசையை இயக்கத் தயாராகும் மூளைப்பகுதி விழித்துக்கொள்கிறது என்று லண்டன் ஆய்வாளர்கள் 2006-ல் கண்டார்கள். தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் நாம் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பது புரோவைனின் கணக்கு.

இன்னொரு விந்தையும் உண்டு. பரிணாம உளவியலாளர் ராபின் டன்பாரின் குழு 2011-ல், வயிறு குலுங்கச் சிரித்தவர்களால் அதன்பின் கூடுதலாக வலி தாங்க முடிகிறது என்று கண்டது. நம் உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்றார்கள். சிரித்ததற்காக அடி வாங்குபவருக்கு, அந்தச் சிரிப்பே கொஞ்சம் மருந்தும் பூசிவிடுகிறது போலும்.

எல்லாத் தண்டனையும் அடி அல்ல. ஜப்பானிய நிகழ்ச்சிகளில் அடிக்கடி வரும் 'செம்புரி' டீயைப் பாருங்கள். ஜென்ஷியன் குடும்பத்துச் சிறு செடி. வட இந்தியாவில் கசாயத்துக்கு விற்கும் சிராய்தாவின் பங்காளி. ஆயிரம் முறை வெந்நீரில் அலசினாலும் கசப்பு போகாது என்பதுதான் பெயரின் பொருள். வயிற்றுக்கு நல்லதென்று பாட்டிமார் கொடுக்கும் மருந்து அது. நம் நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகள் மட்டும் சுமார் 25 வகை. நஞ்சுகள் பல கசப்பாக இருப்பதால் இத்தனை காவல். கசப்பு பட்டதும் வாய் அகலத் திறந்து, நாக்கு வெளியே தள்ளி, மூக்கு சுருங்கும். பிறந்த குழந்தையும் அதையே செய்யும். நிலவேம்புக் கசாயத்தை ஒரே மடக்கில் குடித்தவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காயம் எதுவும் இல்லை, நடிக்கவும் முடியாது. தண்டனைகளில் இதுவே மிக நேர்த்தியானது என்பேன்.

இந்த இயந்திரம் உடையும் இடமும் இருக்கிறது. 'பரவாயில்லை' என்பதைப் படிக்கத் தெரியாதவர் பார்க்கும்போது, அல்லது நிஜமாகவே பரவாயில்லாமல் போகும்போது. ஜப்பானில் அடிவாங்கி அரங்கத்தைச் சிரிக்க வைத்த கலைஞர் அதை 'ஒய்ஷீ', அதாவது 'ருசி' என்பார். வாய்ப்புக் கிடைத்தது என்ற மகிழ்ச்சி அதில் இருக்கும். ஆனால் புதிதாக வந்த இளைஞரால், பெரியவர்கள் முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஒளிபரப்பு நெறிகளைக் கவனிக்கும் பிபிஓ என்ற அமைப்பின் இளையோர் குழு, 'வலியோடு கூடிய சிரிப்பு' பற்றி 2022 ஏப்ரலில் தன் கருத்தை வெளியிட்டது. ஒருவர் வலியில் துடிக்க, சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதைப் பார்க்கும் குழந்தைகள் அதைப் பள்ளியில் செய்து பார்க்கலாம், பிறர் வலியை உணரும் குணம் வளர்வதற்கும் தடையாகலாம் என்றது. தடை எதுவும் போடவில்லை. குழு சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆழக் குழியில் ஒருவரை விழவைத்து மணிக்கணக்கில் அங்கேயே விட்டுவிடுவதில் ஃபுரியும் இல்லை, ட்சுக்கோமியும் இல்லை. வலி மட்டும் மிஞ்சுகிறது.

அடியை எடுத்துவிட்டால் ஆட்டம் நிற்குமா? மட்சுமோட்டோவே 2016-ல் அமேசான் பிரைமில் அதைச் செய்து பார்த்தார். 'டாக்குமென்டல்' என்ற அந்த நிகழ்ச்சியில் பத்துக் கலைஞர்கள் ஆளுக்குப் பத்து லட்சம் யென் கட்டி ஓர் அறைக்குள் போக வேண்டும். ஆறு மணி நேரத்தில் மற்றவரைச் சிரிக்க வைக்க வேண்டும், தான் சிரித்தால் வெளியே. தடியும் இல்லை, கறுப்பு உடைக்காரரும் இல்லை. ஆட்டம் பல நாடுகளுக்குப் போனது. தமிழில் 2021 ஆகஸ்டில் 'எல்ஓஎல்: எங்க சிரி பாப்போம்' என்று வந்தது.

நடிகர்கள் விவேக்கும் மிர்ச்சி சிவாவும் நடத்துநர்கள். போட்டியாளர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தவிக்க, இருவரும் இன்னோர் அறையில் திரையைப் பார்த்தபடி இருப்பார்கள். அவர்களுக்குச் சிரிக்கத் தடையில்லை. நிகழ்ச்சி வெளியானபோது விவேக் மறைந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டதும், என்ன நடந்ததென்று கவனிக்காமலேயே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.