ஆவணியில் பார்த்த காணி மார்கழியில் எப்படி இருக்கும்?

மட்டக்களப்பில் கலியாணத்தின்போது வீடும் வளவும் மகளின் பெயருக்கு எழுதப்படும் வழக்கம் இன்றும் ஊன்றி நிற்பதால், பரம்பரை வளவு போதாத குடும்பங்கள் வாவியை அண்டியும் பிரதான வீதிகளை அண்டியும் துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்படும் புதிய குடியிருப்புத் திட்டங்களை நாடுகின்றன. நில அளவையாளராக அத்தகைய காணிகளுக்குள் ஆண்டு முழுவதும் நடந்து திரியும் எனக்கு, வாங்க நினைப்போர் இடம் பார்க்க வரும் முறையே பெருங்கவலை தருகிறது. பெரும்பாலானோர் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், விற்பவரின் வாகனத்திலேயே வந்து, அரை மணித்தியாலம் நின்றுவிட்டு முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

சில காலத்துக்கு முன்னர், கட்டாரில் வேலை செய்யும் ஒருவரின் மனைவியும் அந்த மனைவியின் தாயாரும் 10 பேர்ச் காணித் துண்டொன்றின் எல்லையைப் பார்த்துத் தரும்படி என்னை அழைத்திருந்தார்கள். கிறவல் பரப்பிய வீதி, வெள்ளையடித்த எல்லைக்கற்கள், நுழைவாயிலில் சிறுவர் பூங்கா வரைந்த பெரிய பலகை என எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தன. மகள் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தாயார் நேரே பக்கத்து வளவுக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தார். “தம்பி, இந்தத் தண்ணி சோறாக்க உதவாது” என்றார். பிறகு அந்த வீட்டுச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு சுவர் நெடுகிலும் ஓடியிருந்தது. விற்பனைக்கிருந்த துண்டின் பின்மூலையில் நீர்முள்ளி முளைத்திருந்ததையும் அவர்தான் முதலில் கண்டார். நீர் தேங்கும் இடத்தை விரும்பி வளரும் செடி அது.

வடகீழ்ப் பருவமழை கொட்டும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாவி நீர் ஏறும். முகத்துவாரம் மணல்மேட்டால் அடைபட்டிருக்கும் நாட்களில் அந்நீர் கடலுக்குப் போக வழியின்றித் தாழ்ந்த நிலங்களுக்குள் பரவும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வெள்ளம் எங்கே எத்தனை நாள் நின்றது என்பதை அயலில் வாழும் முதியவர்களிடம் கேட்டறியலாம். முன்பு வயலாகவோ வில்லாகவோ (நீர் தேங்கும் தாழ்நிலமாகவோ) இருந்து, மண் நிரப்பி உயர்த்தப்பட்ட காணியாயின், உங்கள் துண்டு மட்டும் உயர்ந்திருப்பதால் பயனில்லை. அந்நீர் எந்த வடிகான் வழியாக, எந்த மதகைக் கடந்து வெளியேறுகிறது என்பதை நடந்தே பார்க்க வேண்டும். பல திட்டங்களில் வடிகான் கடைசித் துண்டின் வேலியோடு முடிந்துபோவதை நான் கண்டிருக்கிறேன்.

கிணறு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 10 பேர்ச் என்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. உங்கள் வளவுக்குள் அந்தத் தூரத்தை எப்படியோ ஒப்பேற்றினாலும், பின்வளவுக்காரர் தம் குழியை உங்கள் கிணற்றை ஒட்டிய வேலியோரத்தில் வெட்டினால் என்ன செய்வீர்கள்? நமது கரையோர மணல் நீரை வடிகட்டி நிறுத்தாது, விரைந்து கடத்திவிடும். ஆகவே குழாய்நீர் இணைப்பு இல்லாத திட்டமாயின், சுற்றியுள்ள நான்கு துண்டுகளில் கிணறும் குழியும் எங்கே அமையப்போகின்றன என்று கேளாமல் முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது வீதி. அன்று நான் அளந்தபோது, படத்தில் 20 அடி எனக் குறிக்கப்பட்டிருந்த வீதி நிலத்தில் 14 அடிதான் இருந்தது. துண்டு பிரித்த வரைபடம் மாநகர சபையாலோ பிரதேச சபையாலோ அங்கீகரிக்கப்பட்டதா, வீதி சபையிடம் கையளிக்கப்பட்டதா என்பதைச் சபைக்கே போய்க் கேளுங்கள். நகர அபிவிருத்திப் பிரதேசங்களில் ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது வீதிகள் நீங்கலாக 10 சதவீதம் திறந்த வெளியாக ஒதுக்கப்பட வேண்டும். பலகையில் வரையப்பட்ட பூங்கா அந்த அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் தனி இலக்கத்துடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்பாறைப் பக்கம் போவோருக்கு இன்னுமொன்று. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றக் காணிகள் போன்றவை அரச காணிகளாக வழங்கப்பட்டவை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ உள்ள காணியை, தனியார் உறுதிக் (உரிமைப் பத்திரக்) காணியைப் போல நினைத்தபடி விற்கவோ துண்டாக்கவோ முடியாது. பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல், வெறும் கைக்கடிதத்தை நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்களின் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். உறுதிக் காணியாயினும் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து, ஈடு (அடமானம்) இருக்கிறதா என்று அறிந்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.

அந்தத் தாயார் அன்று முற்பணம் கொடுக்க விடவில்லை. ஆய்வுகூடத்தில் கொடுப்பதற்காகக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் நிரப்பிக்கொண்டார். மழை விழுந்த பிறகு இன்னொரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்றும், அப்போது விற்பவரின் வாகனத்தில் வரப்போவதில்லை என்றும் மகளிடம் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினார்.