அமெரிக்காவில் கர்ப்பகால மனச்சோர்வுச் சோதனை: கட்டணம் உண்டா, யார் உடனிருக்கலாம்?

அமெரிக்காவில் கர்ப்பிணிகளிடம், எடையும் ரத்த அழுத்தமும் பார்த்த கையோடு, மனநிலை குறித்த கேள்வித்தாளையும் கொடுப்பது பல மருத்துவமனைகளில் வழக்கமாகியுள்ளது. தடுப்பு மருத்துவச் சேவைகளுக்கான தேசிய வல்லுநர் குழு, கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் மனச்சோர்வுச் சோதனை தேவை என்று 2016-இல் பரிந்துரைத்து அதற்கு 'பி' தரம் (பயன் உண்டு, செய்யலாம் என்ற பரிந்துரைத் தரம்) அளித்தது. 2023-இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. இத்தரம் பெற்ற சேவைகளுக்கு, 2010-ஆம் ஆண்டின் அஃபோர்டபிள் கேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, பெரும்பாலான தனியார் இன்ஷூரன்ஸ் திட்டங்கள் கோ-பே (ஒவ்வொரு முறையும் நோயாளி தரும் பங்குத்தொகை), டிடக்டபிள் (இன்ஷூரன்ஸ் தரத் தொடங்குமுன் நோயாளியே செலவிட வேண்டிய தொகை) எதையும் வசூலிக்கக் கூடாது. ஆனால் மருத்துவர் அத்திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அத்திட்டத்தோடு ஒப்பந்தம் செய்தவர்களின் பட்டியலில், இருக்க வேண்டும். இச்சலுகை சோதனைக்கு உரியதே தவிர, அதன்பின் தேவைப்படும் மருந்துக்கோ சிகிச்சைக்கோ உரியதன்று. மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கான தடுப்பு ஆலோசனைக்கும் 2019-இல் 'பி' தரம் கிடைத்திருப்பதைப் பலர் அறிவதில்லை.

இச்சோதனைக்குப் பரவலாகப் பயன்படும் எடின்பரோ அளவுகோல் என்ற கேள்வித்தாளில் 10 கேள்விகள் உண்டு; கடந்த 7 நாட்களை மனத்தில் வைத்துப் பதிலளிக்க வேண்டும். பசியின்மை, உடற்சோர்வு போன்றவை கர்ப்பத்தினாலேயே வரக்கூடியவை என்பதால், அவற்றை விட்டுவிட்டு, சிரிக்க முடிகிறதா, காரணமின்றிப் பயம் வருகிறதா என்றே அது கேட்கிறது. மொத்தம் 30 மதிப்பெண்ணில் 13 அல்லது அதற்கு மேல் பெற்றால் நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளில்லை; மருத்துவர் விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்றே பொருள். கடைசிக் கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே விசாரிப்பது முறை.

நம் குடும்பங்களில் சிக்கல் எழுவது இங்கேதான். ஆங்கிலம் சரளமாக வராத பெண்ணுக்காகக் கணவரோ, பிரசவத்துக்கு உதவ ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ பக்கத்தில் அமர்ந்து கேள்வியைப் படித்துச் சொன்னால், வரும் பதிலில் உண்மை எவ்வளவு இருக்கும்? அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும், மொழிபெயர்க்க நோயாளியே ஆள் அழைத்துவர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அஃபோர்டபிள் கேர் சட்டத்தின் 1557-ஆம் பிரிவால் வந்த கடமைகள். 'தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும்' என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடலாம். குடும்பத்தாரைச் சற்று வெளியே இருக்கும்படி நர்ஸையே சொல்லச் சொல்வதிலும் தவறில்லை.

அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க முடியாதவர்கள், தாய்மார்களுக்கான தேசிய மனநல உதவி எண் 1-833-852-6262-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் 988 (தற்கொலைத் தடுப்பு உதவி எண்) அல்லது 911-ஐ (அவசர உதவி எண்) அழைக்க வேண்டும்.