அந்தக் கறுப்புப் பொருக்கை யாராவது பார்த்தீர்களா?

இந்த மழைக்காலத்தில் எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வருடம் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பற்றி இதையே நாலு வாட்ஸப் குழுவில் போட்டு, "நல்ல தகவல் மேடம்" என்று வரிசையாகக் கும்பிடு வாங்கியதோடு சரி. போன வாரம் வந்த அந்த அம்மாவைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வயது நாற்பத்தைந்து இருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், வீட்டில் நாலு ஆடு. பதினோரு நாள் காய்ச்சல். முதல் மூன்று நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை. நாலாம் நாள் பக்கத்து ஊர் லேபில் ரத்தம் கொடுத்து, 'டைபாய்டு' என்று முடிவாகி, ஒரு நர்சிங் ஹோமில் காலையும் மாலையும் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. ஐந்து நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கணவர் கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ரிப்போர்ட் கத்தை. எல்லாவற்றுக்கும் மேலே டைபாய்டுக்கான வைடால் ரத்தச் சோதனை: 'ஓ' 1:160. அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

ஐசியூ சிஸ்டர் துணி மாற்றும்போதுதான் கண்டுபிடித்தார். பாவாடை நாடா இறுகும் இடத்தில், இடுப்பின் இடது பக்கம், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு புண். நடுவில் காய்ந்த கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்பு பட்ட மாதிரி.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"தெரியலையே சிஸ்டர். வலிக்கவும் இல்ல, அரிக்கவும் இல்ல. நாடா உராஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதினோரு நாளில் அவரைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட இடுப்புச் சேலையை நாலு விரல்கடை விலக்கிப் பார்க்கவில்லை. ஆனால் ரத்தம் மட்டும் மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள்.

ஸ்க்ரப் டைபஸ். எங்கள் லேபில் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலைசா ஐஜிஎம் தெளிவாகப் பாசிட்டிவ், பொருக்கின் ஓரத்தைக் கிள்ளிப் போட்டு, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆரும் பாசிட்டிவ். நல்லவேளை, எங்கள் ரிப்போர்ட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை. பொருக்கைப் பார்த்த அரை மணி நேரத்தில் இந்நோய்க்கான ஆன்டிபயாடிக் டாக்சிசைக்ளின் ஏறிவிட்டது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். டைபஸ் வேறு, டைபாய்டு வேறு. "ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர், பேர்தான் கொஞ்சம் மாறியிருக்கு" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஒன்றில்லை. டைபாய்டு என்றால் 'டைபஸ் போன்றது' என்றே பொருள். பெயர் வைத்த காலத்தில் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. 1837-லேயே அமெரிக்காவில் கெர்ஹார்ட் என்ற மருத்துவர் இரண்டும் வேறு நோய் என்று எழுதிவிட்டார். நாம் இன்னும் அவரை எட்டிப் பிடிக்கவில்லை. டைபாய்டு சால்மோனெல்லா கிருமியால், அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக வருவது. ஸ்க்ரப் டைபஸ் ஓரியென்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமியால், புதரிலும் புல்லிலும் இருக்கும் பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. கிருமி வேறு, வரும் வழி வேறு, மருந்தும் வேறு.

அடுத்தது வைடால். 1896-இல் வந்த சோதனை. கிருமியை அது பார்ப்பதே இல்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. நம் ஊரில் தெருக்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த யாருக்கும் அது கொஞ்சம் இருக்கும். எப்போதோ வந்துபோன டைபாய்டு, போட்டுக்கொண்ட தடுப்பூசி, வேறு ஏதோ காய்ச்சலில் உடம்பு தூண்டப்படுவது, எல்லாமே 1:160 மாதிரியான அந்த எண்ணை (ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்க்க வைத்த பிறகும் எதிர்ப்புப் பொருள் தெரிகிறது என்ற கணக்கு) ஏற்றிக் காட்டும். டெங்குக்காரருக்கும் மலேரியாக்காரருக்கும் வைடால் பாசிட்டிவ் வந்து பார்த்திருக்கிறேன். எந்தக் காய்ச்சலும் இல்லாத ஆளுக்கே 1:80 வருவது சாதாரணம். ஒரே ஒரு தடவை எடுத்த வைடாலை வைத்து டைபாய்டு என்று சொல்வது, வாசலில் செருப்பு கிடப்பதைப் பார்த்து உள்ளே யார் இருக்கிறார் என்று பெயர் சொல்வது மாதிரி. டைபாய்டு என்று சந்தேகமா? ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் ரத்தம் எடுத்து, கிருமியையே வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புங்கள். விலை கூடுதல், இரண்டு மூன்று நாள் ஆகும், தெரியும். ஐந்து நாள் தப்பான ஊசிக்கு ஆன செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

(எங்கள் சோதனையும் சொக்கத் தங்கம் இல்லை. காய்ச்சலின் முதல் நாலைந்து நாளில் ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் நெகட்டிவ் ஆக வரலாம். போன வருடம் வந்தவருக்கு இந்த வருடமும் பாசிட்டிவ் காட்டலாம். டைபஸ் வகைக் காய்ச்சலுக்கு எடுக்கும் வெய்ல்-ஃபெலிக்ஸ் சோதனை என்று வைடாலின் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று உண்டு. அது நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று நம்பிவிடாதீர்கள்.)

செஃப்ட்ரையாக்சோன் ஏன் வேலை செய்யவில்லை? இந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வது. பென்சிலின் வகையறாவும் செஃப்ட்ரையாக்சோன் வகையறாவும் இதைத் தொடாது. பத்து நாள் போட்டாலும் அப்படித்தான்.

நம் செய்தித்தாள்கள் இதற்கு 'உண்ணிக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தன. வாயில் நுழைகிறது, ஆனால் அதுவும் ஒரு தொல்லை. "எங்க வீட்ல நாயும் இல்ல மாடும் இல்ல, எங்களுக்கு எப்படி வரும்?" என்று கேட்கிறார்கள். மாட்டின் காதில் புளியங்கொட்டை மாதிரி ஒட்டியிருக்குமே, அந்த உண்ணி இல்லை இது. இது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. எலியின் மேல் வாழும், புல் நுனியில் காத்திருக்கும், கடித்தால் சுருக்கென்றுகூட இருக்காது. கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. பிறகு இருமல், மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு, சிலருக்கு மூளைக்காய்ச்சல் என்று எங்கே வேண்டுமானாலும் போகும்.

நமக்கு இது புதிதும் இல்லை. 2001-02 குளிர்காலத்தில் வேலூரில் பரவியதைப் பற்றி அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் அப்போதே எழுதினார்கள். பின்னர் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை 2020 முதல் 2022 வரை வீடு வீடாகப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. வருடத்துக்குப் பத்தில் ஒருவர் வரைக்கும் இந்தக் கிருமி தொற்றுகிறது என்று தெரிந்தது. பெரும்பாலோருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை. வருகிறவர்களில் சிலர்தான் அந்த அம்மா மாதிரி ஐசியூ வரை போகிறார்கள்.

அந்தச் சிலருக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் 2023-இல் ஒரு நல்ல சேதி வந்தது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு. இந்தியாவில் ஏழு மருத்துவமனைகள், கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் 794 பேர். ஒரு குழுவுக்கு டாக்சிசைக்ளின், ஒரு குழுவுக்கு அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் சேர்த்து. எல்லாம் ஏழு நாள், நரம்பு வழியாக. இறப்பு, ஏழாம் நாளும் தீராத பாதிப்பு, ஐந்தாம் நாளும் இறங்காத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ஒற்றை மருந்துக் குழுக்களில் 47, 48 சதவீதம். இரண்டையும் வாங்கியவர்களில் 33 சதவீதம். இரண்டு மருந்தும் கிருமி தனக்கு வேண்டிய புரதம் செய்யும் பட்டறையை வெவ்வேறு இடத்தில் பிடித்து நிறுத்துகின்றன. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இறப்பு எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிக்கல்கள் சீக்கிரம் தீர்ந்தன, அவ்வளவுதான். நிலைமை முற்றிய பிறகு எவ்வளவு நல்ல மருந்தானாலும் ஓரளவுக்குத்தான் இழுத்துப் பிடிக்கும். முதல் வாரத்திலேயே வந்தால் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரையே போதும். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விலையும் டீக்கடைக் கணக்கில் அடங்கிவிடும்.

அதனால் தயவுசெய்து:

ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை ஐந்து நாள் தாண்டிய எந்தக் காய்ச்சலுக்கும் உடம்பு முழுக்கப் பாருங்கள். முழுக்க என்றால் முழுக்க. அக்குள், மார்புக்குக் கீழ், தொடை இடுக்கு, இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். பெண்களுக்கு வெட்கமாக இருந்தால் மகளோ அக்காவோ பார்க்கட்டும். வியர்க்கும் மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு கட்டாமலே போகலாம், வெளிறிய பள்ளமாகத் தெரியலாம். பொருக்கு இல்லையென்றால் நோய் இல்லை என்றும் அர்த்தமில்லை. பலருக்கு இருப்பதே இல்லை.

மருத்துவரிடம் போனால் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள்: களை எடுக்கப் போனேன், ஆடு மேய்த்தேன், விறகு பொறுக்கினேன், வீட்டுக்குப் பின்னால் புதர் இருக்கிறது. "ஸ்க்ரப் டைபஸ் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

காட்டு வேலை முடித்து வந்ததும் துணி மாற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். புல்லில் வெறும் உடம்போடு படுக்காதீர்கள். துவைத்த துணியை வேலிச் செடி மேல் காயப்போடுவதை விடுங்கள், கொடி கட்டுங்கள். இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது, ஆகவே தட்டு தம்ளரைத் தனியாக வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு நேராக மெடிக்கல் ஷாப்பில் டாக்சிசைக்ளின் கேட்காதீர்கள். கர்ப்பிணி என்றால் மருந்தே வேறு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சாப்பிட்ட பிறகு, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி போடுங்கள். வாயில் போட்டு ஒரு மடக்கு குடித்துவிட்டுப் படுத்தால் அது உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும். அந்த அம்மாவை வார்டுக்கு மாற்றி மாத்திரை தொடங்கியபோது அவர் கணவரிடம் இதை மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை அவரே எனக்குச் சொல்லிக் காட்டினார்.