கரடி வாயசைக்க எத்தனை ஒயர் வேண்டும்?

1980இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் முதல் கிளையைத் திறந்த ஷோபிஸ் பிட்சா பிளேஸ் உணவகங்களில், சாப்பிட வந்த குழந்தைகளுக்கு எதிரே ஆளுயரப் பொம்மை விலங்குகள் மேடையேறிப் பாடின. கொரில்லா கீபோர்டு வாசித்தது, நாய் டிரம்ஸ் அடித்தது, கரடி தாளத்துக்கு வாயசைத்தது. ராக்-அஃபயர் எக்ஸ்ப்ளோஷன் என்று பெயர்பெற்ற அந்த இசைக்குழுவை ஓர்லாண்டோவில் இருந்த ஆரன் ஃபெக்டரின் கிரியேட்டிவ் இன்ஜினியரிங் நிறுவனம் உருவாக்கியது. ரோமத்தையும் ரப்பர் முகமூடியையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் உள்ளே தெரிவது இரும்புச் சட்டம், சிறுசிறு காற்று சிலிண்டர்கள், பிளாஸ்டிக் குழாய்கள், ஒயர்க் கற்றைகள். இப்படிப்பட்ட பழைய பொம்மைகளை இன்று மீட்டெடுப்பவர்கள் ரோமத்தைவிட அதிக நேரம் செலவிடுவது அந்த ஒயர்களோடுதான்.

மோட்டாருக்குப் பதிலாகக் காற்றைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் உண்டு. 25 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டருக்குள் 4 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு) அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், உராய்வை நீக்கிக் கணக்கிட்டால், பிஸ்டன் ஏறத்தாழ 196 நியூட்டன் விசையோடு தள்ளும். அதாவது 20 கிலோ எடையைத் தூக்கும் பலம், கைக்கடக்கமான ஒரு குழலிலிருந்து கிடைக்கிறது. அதோடு காற்று நெகிழக்கூடியது என்பதால், யாராவது கையைப் பிடித்து நிறுத்தினாலும் பல்சக்கரம் உடைவதைப் போன்ற சேதம் ஏற்படுவதில்லை.

காற்றுக்குக் காவலாளியாக நிற்பது, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு. வாயசைவு போன்ற எளிய வேலைக்கு மூன்று வாய்களும் இரண்டு நிலைகளும் கொண்ட வால்வு போதும். ஒரு வாய் வழியே அழுத்தக் காற்று வந்து காத்திருக்கிறது, இன்னொன்று சிலிண்டருக்குப் போகிறது, மூன்றாவது வெளியே திறந்திருக்கிறது. வால்வின் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் உள்ளிருக்கும் இரும்புத்தண்டு இழுக்கப்பட்டு, காற்று சிலிண்டருக்குள் புகுந்து தாடையைத் திறக்கிறது. மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் தாடையை மூட, உள்ளிருந்த காற்று பேருந்துக் கதவு திறக்கையில் கேட்கும் அதே ‘புஸ்’ ஒலியோடு வெளியேறுகிறது. கைபோன்ற கனமான உறுப்புகளுக்கு இருபுறமும் காற்று தள்ளும் சிலிண்டரும் ஐந்து வாய் வால்வும் தேவைப்படும். அங்கே வெளியேறும் காற்றை ஒரு ஊசித் திருகால் குறுக்கினால்தான், கை வெடுக்கென்று வீசப்படாமல், எதிரே தேங்கிய காற்றின் மெத்தையில் சாய்ந்தபடி நகரும். உண்டு, இல்லை என்ற இரண்டே கட்டளைகளால் இயங்கும் பொம்மைக்கு நளினம் வருவது இந்தத் திருகினால்தான்.

இனி ஒயருக்கு வருவோம். ஒரு சுருளுக்கு இரண்டு முனைகள் உண்டு என்பதால், 12 அசைவுகள் கொண்ட கரடிக்கு 24 ஒயர் வேண்டும் என்று தோன்றலாம். நடைமுறையில் 13 போதும். எல்லாச் சுருள்களின் ஒரு முனையையும் ஒன்றுசேர்த்து 24 வோல்ட்டின் நேர்முனையில் இணைத்துவிட்டு, மறுமுனைகளைத் தனித்தனியே கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொண்டுபோவார்கள். எந்த அசைவு வேண்டுமோ அந்த ஒயரை மட்டும், மின்சுவிட்ச்போல வேலை செய்யும் ஒரு டிரான்சிஸ்டர் எதிர்முனையோடு இணைக்கும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. 4 வாட் சுருள் ஒன்றின் மின்தடை 144 ஓம். பொதுவான ஒயர் செல்லும் கனெக்டர் பின் துருவேறி, அங்கே 3 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு வால்வை இயக்கிச் சோதித்தால் சுருளுக்கு 23.5 வோல்ட் கிடைக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். பாடல் உச்சத்தில் பன்னிரண்டும் ஒருசேர இயங்கும்போதோ ஒவ்வொன்றுக்கும் 19.2 வோல்ட்தான் மிஞ்சும். பல வால்வுகள் அதற்குத் திறக்காமல் போகலாம். தனியாகச் சோதித்தால் நலம், கூட்டமாக ஆடினால் தள்ளாட்டம் என்றால், முதலில் பொதுவான பின்னைச் சந்தேகிக்க வேண்டும்.

மின்சாரம் துண்டிக்கப்படும் கணத்தில் சுருள் உயர் மின்னழுத்தத்தை எதிரடியாக எழுப்பும் என்பதால், டிரான்சிஸ்டரைக் காக்கச் சுருளுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு ஒன்றை வைப்பது வழக்கம். இங்கேதான் மீட்டெடுப்பவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். வெறும் சுருளுக்குத் திசை கிடையாது என்பதால் முன்பு பழுதுபார்த்தவர் ஒயர்களை மாற்றிப் பொருத்தியிருந்தாலும் அது இயங்கியிருக்கும். டயோடு பதித்த புதிய கனெக்டரை அதே வரிசையில் மாட்டினால், டயோடு தலைகீழாகி, முதல் கட்டளையிலேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டு டிரான்சிஸ்டர் எரியும்.

வால்வை எங்கே வைப்பது என்பதும் ஒயரிங் பிரச்சினையே. ஒயரை எவ்வளவு நீட்டினாலும் கட்டளை தாமதமாவதில்லை, குழாயை நீட்டினால் தாமதமாகும். 4 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் 5 மீட்டர் நீண்டால் அதன் கொள்ளளவு சுமார் 63 கன செ.மீ.; 50 மி.மீ. நகரும் நம் சிலிண்டரின் கொள்ளளவோ 25 கன செ.மீ.தான். வாயைத் திறப்பதற்குச் செலவாகும் காற்றைவிட வழியில் நிரப்பும் காற்று இரண்டரை மடங்கு என்றால், உதடு பாட்டுக்குப் பின்னால் ஓடத்தான் செய்யும். ஆகவே வால்வுகளைப் பொம்மைக்கு அருகிலேயே வைத்து, ஒயரைத்தான் நீளமாக இழுக்க வேண்டும்.

கழுத்து, தோள் வழியாகப் போகும் ஒயர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நூற்றுக்கணக்கான முறை வளைகின்றன. அங்கே ஒற்றைக் கம்பி ஒயர் உதவாது, பல இழை ஒயர் வேண்டும். ஈயப்பற்று வைத்த இடத்தில் இழைகள் விறைத்து, பற்று முடியும் விளிம்பில் முறியும் என்பதால் அசையும் இடங்களில் கிரிம்ப் செய்வதே, அதாவது உலோக முனையை ஒயர்மீது நசுக்கி இறுக்குவதே மேல். அதிலும் மூட்டுக்கு மூட்டு ஒரு சிறு வளையம் தளர்வாக விடுவது நல்லது.

பழுது எங்கே என்று தெரியாதபோது மல்டிமீட்டரை எடுக்கும் முன், பல வால்வுகளின் உடலில் இருக்கும் சிறு கையியக்கப் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். கை உயர்ந்தால் காற்று வழி நலம், குறை மின்பக்கம் என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, ஒயரை வெட்டும் முன் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டுவது. ராக்-அஃபயர் நிகழ்ச்சியை இயக்கிய காந்த ஒலிநாடாவின் நான்கு தடங்களில் இரண்டில் இசையும் இரண்டில் அசைவுக் கட்டளைகளும் பதிவாகியிருந்தன. கட்டளை வரிசையில் எந்த இடம் எந்த உறுப்புக்கு என்பது அன்றே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. நாடாவுக்குக் கரடியைத் தெரியாது, ஒயரின் எண் மட்டுமே தெரியும். தாடை ஒயரும் இமை ஒயரும் இடம் மாறினால், வாயை இறுக மூடிக்கொண்டு, பாடலின் ஒவ்வொரு அசைக்கும் கரடி கண் சிமிட்டும்.