பேரீச்சம்பழம் தீர்க்காத ரத்தக் குறைவு

பங்குனி வெயிலில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்த அப்பத்தா, வரிசையில் நின்றவாக்கிலேயே சரிந்துவிட்டார். காலையிலிருந்து விரதம். முந்தின நாள் முழுக்க வயிற்றுப்போக்கு வேறு. அதை எங்களிடம் மறைத்துவிட்டார். சொன்னால் பால்குடம் எடுக்க விட்டிருக்க மாட்டோமே! "உடம்புல ரத்தமே இல்ல, பேரீச்சம்பழம் வாங்கிக் குடுங்க" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. மருத்துவரிடம் போய்ப் பார்த்தால் ஹீமோகுளோபின் 13. குறையே இல்லை.

ஆனால் ஆச்சி சொன்னதும் ஒருவகையில் சரிதான். ரத்தம் குறைந்துதான் இருந்தது.

நம் பேச்சில் 'ரத்தம் கம்மி' என்றால் ரத்தசோகை, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு. ரத்தத்தின் மொத்த அளவே குறைவது வேறு சங்கதி. ரசத்தில் புளி போதவில்லை என்பது ஒன்று. சட்டியில் ரசமே பாதிதான் இருக்கிறது என்பது இன்னொன்று. அடுப்பில் வற்றிய ரசம் புளிப்பு ஏறித் தெரிவதுபோல, நீர் வற்றிய ரத்தத்திலும் ஹீமோகுளோபின் கூடுதலாகவே தெரியும்.

பெரியவர்களுக்கு ரத்தம் கிலோவுக்குச் சுமார் 70 மில்லி. 60 கிலோ ஆளுக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்கிற திரவம். அதுவோ பெரும்பாலும் தண்ணீர். கோடையில் கிணறு இறங்கிவிட்டால் மோட்டார் என்னதான் ஓடினாலும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. இதயமும் அப்படித்தான், தன்னிடம் வந்து சேர்ந்ததைத்தான் வெளியே தள்ள முடியும்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் அதை நொடிகளில் கண்டுபிடித்துவிடும். ரத்தக்குழாய்கள் இறுகும், துடிப்பு கூடும், தலைக்குப் போகிற ரத்தம் குறையாது. இருப்பே குறைவென்றால் இந்தச் சமாளிப்பு எடுபடாது. அப்பத்தாவுக்குப் படுத்திருக்கும்போது மேல் அழுத்தம் 124. எழுந்து நின்றதும் 96. நின்றதும் 20 புள்ளி இறங்கினாலே கவனிக்க வேண்டும்.

படுத்தவாக்கில் மட்டும் பார்த்துவிட்டு 'பிரஷர் நார்மல்' என்று நிம்மதி அடைவதுதான் எனக்குப் பயம். ரத்தப்போக்கில் கால்வாசி ரத்தம் போன பிறகும் அழுத்தம் ஓரளவு சரியாகவே காட்டலாம். அதற்குள் நாடி வேகமாகியிருக்கும், கைகால் சில்லிட்டிருக்கும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்வதால் சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகும். தாகமும் எடுக்கும், ஆனால் வயதானால் தாகம் மந்தம். அப்பத்தா பிரஷருக்காக, சிறுநீரைக் கூட்டி நீரை வெளியேற்றும் நீர் மாத்திரை வேறு சாப்பிடுகிறவர்.

டெங்குவில் இது இன்னும் வஞ்சகமாக நடக்கும். வெளியே ஒரு சொட்டு போகாமலே, பிளாஸ்மா ரத்தக்குழாயிலிருந்து கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். அதுவும் காய்ச்சல் விட்டு, 'அப்பாடா' என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில்.

எது போனதோ அதைத் திருப்பித் தருவதுதான் சிகிச்சை. ரத்தப்போக்கு என்றால் முதலில் அதை நிறுத்தி, பிறகு ரத்தம் ஏற்ற வேண்டும். 'ஒரு பாட்டில் சலைன் போட்டா தெம்பாயிடும்' என்று கேட்டு வாங்குகிறவர்கள் நம் ஊரில் உண்டு. ஏற்றிய சலைனில் ஏறக்குறைய கால்பங்குதான் குழாய்க்குள் தங்கும், மிச்சம் திசுக்களுக்குள் போய்விடும். இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கு அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

வயிற்றுப்போக்கில், குடிக்க முடிகிறவர்களுக்கு ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் போதும். சிறுகுடல் சுவரில் ஒரு புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. தண்ணீர் பின்னாலேயே வரும். 1971-இல் வங்காளத்தின் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம்வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அப்பத்தாவுக்கு நான் ஓஆர்எஸ் பொட்டலத்தை அப்படியே ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிவிட்டேன். "உப்புக் கரிக்குதுடா" என்று முகத்தைச் சுளித்தார். பொட்டலத்தின் பின்பக்கம் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தது. அவ்வளவு உப்பு உள்ளே போனால் குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதைக் கொட்டிவிட்டு, ஒரு லிட்டர் அளந்து புதிதாகக் கலக்கினேன்.

"ஒரு இளநி வாங்கிக் குடுத்திருக்கலாம்ல" என்றார்.

இளநீரில் பொட்டாசியம்தான் நிறைய; அவருக்கு வேண்டியிருந்தது சோடியம்.